மிச்சத்தைச் சொல்லும் சாச்சி

நான் தொடங்கிய ஒரு வசனத்தையும் சாச்சி என்னை முடிக்க விட்டதில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, "சாச்சி, உம்மா கேட்டா..." என்று வாயைத் திறந்தால் போதும். "...சட்டி கொண்டுபோனவ சட்டிய எப்ப தருவா என்டுதானே? கழுவிக் கவுத்து வெச்சிரிக்கன், வந்து எடு" என்று மிச்சம் மதிலுக்கு மேலால் வந்து விழும். உம்மா கேட்டனுப்பியது பச்சைமிளகாய். சட்டி ஒன்று அங்கே இருப்பதையே உம்மா மறந்திருப்பார். சாச்சி முடித்துவைக்கும் வசனங்கள் பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கும். ஆனால் நாம் சொல்ல வந்ததைவிட அது பிரயோசனமாக இருந்துவிடும்.

சொந்தச் சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, அல்ல. கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதில் எங்களுக்கு அடுத்த வளவு. அவருடைய மகள் றிஸ்னாவும் நானும் ஒரே வகுப்பில் படித்த சிநேகிதிகள். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீட்டை மகளுக்குக் கொடுத்து, மருமகனை வீட்டோடு எடுத்துவிட்டு, சாச்சி பின்னால் அடுப்படிக் குசினியோடு ஒட்டிய அறைக்கு மாறியிருந்தார். உடம்பு சின்னது. முக்காடு தலையில் நிற்காது. யாராவது பேசத் தொடங்கினால் அவருடைய உதடுகள் அசைய ஆரம்பிக்கும். வசனம் எங்கே போய் விழும் என்று பார்த்து, பந்து பிடிக்கிறவனைப் போல முன்கூட்டியே ஓடிப்போய் நின்றுவிடுவார்.

மனிதர்களோடு மட்டும் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌலவி, "அன்புள்ள தாய்மார்களே, நீங்கள் இந்தப் புனித மாதத்தில்..." என்று தொடங்கினால் குசினிக்குள்ளிருந்து, "...புறம் பேசாதீங்க. விளங்கிட்டு, விளங்கிட்டு" என்பார். அடுத்த நிமிடம் மௌலவியும் அதையே சொல்வார்.

என் மூத்த சகோதரியான ராத்தாவுக்குக் கலியாணம் பேசி வந்தவர்களின் கதை எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இப்போதும் ஓடுகிறது. மாப்பிள்ளையின் மாமா தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"நாங்க ஒண்டும் கேக்கல்ல. எங்களுக்குப் புள்ளதான் முக்கியம். ஆனா..."

"...வீட்டுக்கு மேல ஒரு மாடியும் போட்டுத் தந்தா புள்ள இன்னங் கொஞ்சம் முக்கியமாயிருவா. அப்பிடித்தானே காக்கா?"

சாச்சி கதவுக்குப் பின்னாலிருந்து, அண்ணன் முறை வைத்தே சொன்னார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு அந்த மனிதரால் மாடியைக் கேட்க முடியவில்லை. ராத்தாவின் வீடு இன்றைக்கும் மாடியில்லாத வீடு. மச்சான் அதில் சந்தோசமாகத்தான் இருக்கிறார்.

ஒரேயொரு வசனத்தை மட்டும் சாச்சி முடிப்பதில்லை. "கடல் வந்த அன்டைக்கு" என்று யாராவது தொடங்கினால், எழும்பிப் போய் அடுப்பில் ஏதாவது ஒன்றைக் கிண்டுவார். அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும் எழும்புவார். அவருடைய கணவரும் மூத்த மகனும் அன்றைக்குச் சுனாமியில் போனவர்கள். அந்த வசனத்தை அவர் முன்னால் தொடங்கக்கூடாதென்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

இனி என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது, முடிந்தமட்டும் சுருக்குகிறேன். படித்தது பொறியியல். கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் இருக்கிறேன். மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் கட்டியை எடுக்க வைத்தியர்களிடம் இருக்கும் கருவிகள் அனேகமாக நேரானவை. நேரான கருவி நேராகத்தான் போகும். வழியில் பேச்சை நடத்தும் இடம் இருந்தால் பேச்சுக்குள்ளால் போகும். கையை அசைக்கும் இடம் இருந்தால் அதற்குள்ளால் போகும். நாங்கள் செய்யப் பார்ப்பது வளைந்து போகும் ஒரு ரோபோ. கையும் காலும் வைத்த ஒன்றைக் கற்பனை செய்துவிடாதீர்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய மெல்லிய உலோகக் குழாய்கள், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவுக்குப் பழக்கப்பட்டது. உள்ளே இருப்பதைக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் திருப்பினால், எல்லாம் சேர்ந்து புதிதாக ஒரு வளைவு எடுக்கும். மோட்டார்கள் வெளியே இருக்கும். மண்டையில் சின்னத் துளை ஒன்று போதும். அதற்குள்ளால் நுழைந்து, தொடக்கூடாததைச் சுற்றிக்கொண்டு, கட்டியின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

நிற்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நிற்கிறது என்று சொல்லவில்லை.

மூளைக்குப் பதிலாக நாங்கள் இந்தக் குழாயை விட்டுப் பார்ப்பது அகருக்குள். நோன்பு திறக்கும்போது ஜெலியாகக் காய்ச்சித் தின்கிறோமே கடற்பாசி, அதே சாமான்தான். ஒரு நோன்பு விடுமுறைக்குக் கையால் தள்ளும் சின்ன மாதிரி ஒன்றை ஊருக்குக் கொண்டுவந்திருந்தேன். எங்கள் தெருவில் கடற்பாசி என்றால் சாச்சியின் கைதான்.

"சாச்சி, எனக்கு ஒரு மூளை..."

"...காய்ச்சித் தரணும். சீனி போடாம. எறும்பு வந்திரும்."

அந்தத் தடவை சரியாகவே முடித்தார். மூளை என்றதற்குக் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளையாக ஊற்றி, நடுவில் ஒரு பேரீச்சம்பழத்தைப் புதைத்து, அதற்கு முன்னால் சிவப்புச் சாயம் போட்ட ஒரு படையை இறுகவைத்தார். பேரீச்சம்பழம் கட்டி. சிவப்பு, பேச்சு. இரண்டையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அவருடைய குசினி மேசையில் குழாயை விட்டேன். வெள்ளைக்குள் நுழைந்தது, சிவப்புக்குக் கிட்ட வந்தது, திருப்பினேன், சிவப்பைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்ப் பழத்தில் முட்டியது. நான் கத்தியே விட்டேன். சாச்சி கிண்ணத்துக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"சண்டையில்லாத பக்கத்தால போகுது" என்றார். பிறகு விறாந்தையில் இருந்த மருமகனுக்குக் கேட்கும்படி, "வீட்டுக்கு வாற மருமகனும் இப்பிடித்தான் வரணும். ஒருத்தரையும் முட்டாம, வளைஞ்சி வளைஞ்சி, குசினி வரைக்கும்."

"நான் வளைஞ்சிதான் மாமி இரிக்கன்" என்று விறாந்தையிலிருந்து பதில் வந்தது.

இரண்டாந்தரம் விட்டபோது குழாய் சறுக்கியது. சிவப்புப் படை நடுவால் கிழிந்தது. சாச்சி கிழிந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்ப ஆரு புள்ள ஊமையானது?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அடுத்த வருடத்தில் சாச்சி அமைதியாகிவிட்டார் என்று உம்மா போனில் சொன்னார். நல்ல செய்தியாகத்தான் சொன்னார். மீன்காரனோடு சண்டை இல்லையாம். பெண்கள் கூடி ஓதிய மௌலூதில் ஒரு மூலையில் இருந்து எல்லோரும் பேசியதைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். "வயசுக்கேத்த அடக்கம் இப்பதான் வந்திரிக்கி, அல்ஹம்துலில்லாஹ்" என்று றிஸ்னா சொன்னாளாம். தெருவே அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி, இனி ஹஜ்ஜுக்கும் போய்வரலாம், அந்தப் பக்குவம் வந்துவிட்டது என்றும் சொல்லியிருக்கிறாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்குப் போனேன். பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வளவுக்கு ஓடினேன். சாச்சி கதிரையில் இருந்தார்.

"சாச்சி, நான் இந்தத்தரம்..."

சாச்சி என்னைப் பார்த்தார். உதடுகள் அசையவில்லை. மற்ற மனிதர்கள் எல்லோரும் காத்திருப்பது போலக் காத்திருந்தார். பிறந்ததிலிருந்து நான் அவரிடம் ஒரு வசனத்தையும் முடித்ததில்லை. மிச்சத்தில் என்ன சொல்ல வந்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. வட்டிலப்பத்தை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய், றிஸ்னாவின் கையைப் பிடித்தேன்.

"நாளைக்கே டொக்டரிட்டக் கொண்டுபோவம். இது அடக்கமில்ல."

எங்கள் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு உடனேயே கொழும்புக்கு அனுப்பினார்கள். இடது பக்கம், ஆழத்தில், பேச்சுக்குப் பின்னால் ஒரு கட்டி. கடற்பாசிக் கிண்ணத்தில் நான் பேரீச்சம்பழத்தைப் புதைக்கச் சொன்னேனே, கிட்டத்தட்ட அந்த இடம்.

கொழும்பில் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஆலோசனை சொல்பவர். சிங்களவர், நிதானமானவர், நல்லதையும் கெட்டதையும் ஒரே குரலில் சொல்வார். அவர் படத்தைக் காட்டி விளக்க, நான் தமிழில் சொன்னேன். சாச்சி படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அப்ப புள்ள, ஒன்ட அந்த வளையுற... வளையுற..."

"குழாய்" என்றேன். அவருடைய வசனத்துக்கு நான் சொல்கொடுத்தது அதுதான் முதல் தடவை. "அது இன்னம் மனிசருக்கு இல்ல சாச்சி. கடற்பாசியிலயும், இறைச்சிக்கடையில வாங்குற ஆட்டுத் தலையிலயும்தான் ஓடுது. சில நாள் ஆட்டுத் தலையிலயும் பிழைக்கிது."

"எத்தின வருசம்?"

"தெரியா. நாங்க..."

அவருடைய உதடுகள் அசைந்தன. தேடித் தேடி, ஆனாலும் முடித்தார்.

"...ஓடி ஓடித்தான் செய்றீங்க. ஆனா என்ட தலைக்கு வந்து சேராது."

சாச்சி என்ன சொன்னார் என்று வைத்தியர் என்னைக் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

அவரிடம் இருந்தது வேறொரு வழி. நோயாளியை விழித்திருக்க வைத்தே செய்வது. தோலையும் எலும்பையும் மரத்துப்போகச் செய்துவிட்டால் போதும், மூளைக்கு வலி தெரியாது. நோயாளி பேசிக்கொண்டே இருப்பார். சின்ன மின்தொடுகையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்ப்பார்கள். பேச்சுத் தடைப்பட்டால் அது தொடக்கூடாத இடம்.

அதற்காகப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் படங்களோடு வந்தார். வீக்கத்துக்குக் கொடுத்த மருந்தில் சாச்சியின் பேச்சு முக்கால்வாசி திரும்பி வந்திருந்தது. அதுதான் சிக்கலாகிவிட்டது. மாட்டின் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்றால் "மாடு" என்று சொல்லமாட்டார். "இது காரைதீவு றோட்டுல படுத்துக் கிடக்கிறது. லொறி வந்தாலும் கிறுகிப் பாக்காது" என்பார். பயிற்சியாளருக்கு அந்தப் பேச்சு பாதிதான் விளங்கியது. எது பிழை, எது பகிடி, எது எங்கள் ஊர்ப் பேச்சு என்று பிரிக்க அவரால் முடியவில்லை. நான் வைத்தியரிடம் போய் நின்றேன்.

"படம் வேண்டாம். இவர் அடுத்தவர்களுடைய வசனத்தை முடிக்காமல் விடமாட்டார். நான் தொடங்குகிறேன். முடிக்காமல் விட்டால் அதுதான் அந்த இடம்."

அவர் ஒரு நாள் யோசித்தார். பயிற்சியாளரும் என்னோடு பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

ஒப்பரேசனுக்கு முந்திய வாரம் ஊருக்குப் போய், சாச்சி பொருத்தம் கேட்கப் புறப்பட்டார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும், பெரிய ஒப்பரேசனுக்குப் போகிறவர்களும் வீடுவீடாகப் போய், 'தெரிஞ்சும் தெரியாமலும் செய்ததைப் பொருந்திக்கங்க' என்று மன்னிப்புக் கேட்பார்கள். கேட்டவரிடம் 'பொருந்திட்டன்' என்று சொல்வதுதான் முறை. சொல்லிவிட்டுக் கட்டிப்பிடித்து அழுவார்கள். சாச்சி வாயால் சேர்த்த பாக்கி கொஞ்சமல்ல. அதனால் எங்கள் ஒழுங்கையைத் தாண்டி மூன்று ஒழுங்கை போக வேண்டியிருந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

கோழிப் பிரச்சினையில் நெடுங்காலமாக முகம் பார்க்காத ஒரு பெண் வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள்.

"ராத்தா, எனக்கு ஒங்கட மேல ஒரு கோவமும்..."

"...இல்லாம இல்ல! பொய்யச் செல்லாத கா. என்ட சேவல் ஒன்ட வளவுக்குள்ள வந்த அன்டு என்ன செஞ்ச?"

"ஒங்கட சேவல் என்ட கீரப் பாத்தியக் கிண்டினதச் செல்லுங்க முதல்ல!"

"கீரையா அது? புல்லு!"

இரண்டு பேரும் அழுதுகொண்டே சண்டை பிடித்தார்கள். கடைசியில் அந்தப் பெண், "நான் பொருந்திட்டன், நீங்க போங்க!" என்று கத்தினாள். "நான் இன்னம் பொருந்தல்ல, கொழும்பால வந்து மிச்சத்தக் கதைக்கன்" என்றுவிட்டுச் சாச்சி திரும்பி நடந்தார். ஒழுங்கை முனை வரைக்கும் நிமிர்ந்தே நடந்தார். முனையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கொழும்பில், ஒப்பரேசனுக்கு முதல்நாள், றிஸ்னாவுக்கு முன்னாலேயே என்னிடம் சொன்னார்.

"கதை பேச்சுப் போற இடம் வந்தா நிப்பாட்டச் செல்லு. டொக்டருக்கும் செல்லிப்போட்டன், ஒப்பமும் வெச்சிட்டன்."

"உம்மா, கதை என்னத்துக்கு?" என்றாள் றிஸ்னா. "எல்லாத்தையும் எடுக்கட்டும். நீங்க இரிந்தாப் போதும்."

"கதைக்காம இரிக்கிறது நானில்ல புள்ள. அது வேற ஆரோ."

"எனக்கு அந்த வேற ஆரோ போதும்."

சாச்சி மகளின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். வாப்பாவும் காக்காவும் கடலில் போனபோது றிஸ்னா சின்னப் பிள்ளை. அவளுக்கு உலகத்தில் இருந்தது இந்த ஒருவர்தான்.

காலையில் நான் உடை மாற்றப் போகும்போது றிஸ்னா நடைபாதையில் மறித்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அவ கொஞ்சம் தடுமாறினா உடன செல்லாத."

"றிஸ்னா..."

"செல்லவே வேணாமென்டு கேக்கல்ல. கொஞ்சம் பொறுத்துச் செல்லு. அந்த நேரத்துக்குள்ள இன்னங் கொஞ்சத்த எடுத்திருவாங்க. என்ட புள்ளைக்கு ஒரு மூத்தம்மா வேணும். கதைக்காட்டியும் பரவால்ல."

உள்ளிருந்து தாதி என்னைக் கூப்பிட்டார். நான் உள்ளே போனேன்.

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் வைத்தியரும் அவருடைய ஆட்களும். இந்தப் பக்கம் சாச்சியின் முகமும், நானும், பயிற்சியாளரும். சாச்சி கண்ணை விழித்ததும் முதலில் சொன்னது, "ஆரு இஞ்ச குளிரப் போட்டது?"

தொடங்கினேன்.

"எங்கட பள்ளி மோதினார் சுபஹுக்கு பாங்கு செல்ல வந்தா..."

"...மைக்குல ஒருக்கா இருமிட்டுத்தான் தொடங்குவார்."

"எங்கட உம்மா சோறாக்கினா..."

"...ஊருக்கே காணும். உப்பு மட்டும் ஒருத்தருக்கும் காணாது."

"றிஸ்னாக்குக் கோவம் வந்தா..."

"...சட்டிய உருட்டுவா. வாயால ஒண்டும் வராது. அவட வாப்பாவப் போல."

நடுநடுவே பாதியில் நின்றார். உதடு நிற்கும், கண் மட்டும் என்னைப் பார்க்கும். நான் சைகை செய்வேன். துணிக்கு அந்தப் பக்கம் சின்ன அடையாளம் ஒன்று வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மிச்சம் வந்து சேரும். கடலைப் பற்றி நான் ஒரு சொல்லும் எடுக்கவில்லை. அதில் அவர் மௌனமானால் அது கட்டியின் மௌனமா அவருடையதா என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். மீன், தோணி, கரைவலை எல்லாவற்றையும் விட்டு விலகியே வசனங்களைத் தேடினேன்.

பிறகு எடுக்கத் தொடங்கினார்கள். கட்டி துண்டு துண்டாக வந்தது. திரையில் பார்க்க எனக்கு உள்ளே ஒரு துள்ளல்கூட வந்தது, அவ்வளவு நன்றாகப் போனது. பின்பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் மிச்சமிருந்தது. வைத்தியரின் கை அதை நோக்கிப் போனது.

"மழை பேஞ்சா எங்கட ஒழுங்கையில..."

சாச்சி என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது, நின்றது. இந்த முறை மின்தொடுகை ஒன்றும் வைத்திருக்கவில்லை; கட்டியை எடுக்கும் கருவிதான் அங்கே இருந்தது.

கொஞ்சம் பொறு என்றாள் றிஸ்னா. கொஞ்சம் என்பது எவ்வளவு? சாச்சியின் கண்கள் என் முகத்தில் எதையோ தேடின. கையில் பிடித்திருந்த என் விரலை அவர் நெரித்தார்.

"நிறுத்துங்கள்" என்றேன். குரல் பெரிதாக வந்துவிட்டது. பயிற்சியாளரும் கையை உயர்த்தினார்.

துணிக்கு அந்தப் பக்கம் எல்லாம் நின்றது. சாச்சி மூச்சை இழுத்தார்.

"...முழங்கால் வரைக்கும் தண்ணி." பிறகு, "ஏன் புள்ள எல்லாரும் மூச்சுக் காட்டாம நிக்கிறீங்க?"

வைத்தியர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சின் நரம்புக்கட்டு முன்னால், மிச்சக் கட்டி அதற்குப் பின்னால். நேரான கருவி அதற்குள்ளால்தான் போக வேண்டும். நான் திரையில் ஒரு வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: மேலே கொஞ்சம் ஏறி, இடப்பக்கம் திரும்பி, கீழே இறங்கினால் தொட்டுவிடலாம். எங்கள் குழாய் அந்த வளைவை எடுக்கும். ஆய்வுகூடத்தில், மேசையில், கிண்ணத்துக்குள் எடுக்கும். அவருக்கும் அது தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அது இருக்கட்டும். மூடுவோம்" என்றார்.

பிறகு வந்தவை நல்ல மாதங்கள். மூத்தம்மாவாகச் சாச்சி பேரனுக்குக் கதை சொன்னார். பேரன் தொடங்கிய கதைகளையும் அவரே முடித்தார். தையல் போட்ட தலையோடு கோழிக்காரியின் வாசலுக்குப் போய் மிச்சச் சண்டையையும் முடித்து, பொருந்திவிட்டு வந்தார். கதிர்ச் சிகிச்சைக்குப் போன இடத்தில் பக்கத்துக் கட்டில்காரர்களின் குடும்பக் கதைகளையெல்லாம் அவர்களை முந்திக்கொண்டு சொன்னார். ஊரில் எல்லோரும் பழையபடி அவரிடம் ஏச்சு வாங்கினார்கள், வாங்கிக்கொண்டு சிரித்தார்கள். றிஸ்னாவும் சிரித்தாள். ஆனால் என்னோடு தனியாக இருக்க நேர்ந்தால் ஏதாவது வேலையாக எழும்பிப் போய்விடுவாள்.

நான் ஆய்வுகூடத்தில் பைத்தியமாக வேலை செய்தேன். ஆட்டுத் தலைக்குள் ஒரு முறை சரியாகப் போனது. அடுத்த முறை நுனி விலகியது. ஏன் விலகியது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாரிக்காலம் போனது.

அதற்குள் மிச்சம் வளர்ந்துவிட்டது. நான் அதை எழுதிக் காட்டவேண்டியதில்லை; எங்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. இரண்டாவது ஒப்பரேசனுக்கு இடமில்லை என்று வைத்தியர் அதே குரலில் சொன்னார். முதலில் ஆட்களின் பெயர்கள் போயின. பிறகு சாமான்களின் பெயர்கள். சாச்சி ஒன்றைத் தொடங்கிவிட்டு நிற்பார். சுற்றியிருப்பவர்கள், தண்ணியா, தலகாணியா, பேரனா என்று போட்டிபோட்டு முடித்துவைப்பார்கள். ஒன்றும் சரிவராது. கோபத்தில் கட்டில் சட்டத்தில் அடிப்பார். பிறகு அடிப்பதும் நின்றது.

அவர் மௌத்தாகிக் கண்ணை மூடுவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால் நான் ஊருக்குப் போயிருந்தேன். லுஹர் தொழுகை முடிந்த நேரம். பின்னறையில் இருந்த கட்டிலை முன் அறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். றிஸ்னா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சாச்சி கண் திறந்திருந்தார். றிஸ்னாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில், ஜன்னலுக்கு வெளியே பேரன் சைக்கிள் ஓட்டினான். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். இந்த முறை அவள் எழும்பிப் போகவில்லை.

"அன்டைக்கு உள்ளுக்க, எவ்வளவு நேரம் பொறுத்த?" என்று கேட்டாள். முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"பொறுக்கல்ல."

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும் இல்ல."

தலையை ஆட்டினாள். சாச்சியின் வாயோரத்தில் வழிந்ததைத் துணியால் ஒற்றினாள்.

"அவ அப்பிடித்தான் செல்லியிரிந்தா" என்றாள். "நீ செஞ்சது சரிதான். நான் ஒன்னில பிழை செல்லல்ல."

கஞ்சியை ஊதினாள். ஒரு கரண்டி கொடுத்தாள். உள்ளே போகிறதா என்று தொண்டையைத் தடவிப் பார்த்தாள்.

"பாரு, இப்ப கதைக்கிறல்ல. படுத்திருக்கிறா, கண்ணால பாக்கிறா, தந்தாச் சாப்பிடுறா. இந்த உம்மாவத்தான் நான் ஆஸ்பத்திரியில கேட்டன்."

அடுத்த கரண்டியை எடுத்தாள். அது சாச்சியின் மூடிய உதட்டில் போய் நின்றது.

"ஆனா பத்து வருசத்துக்குக் கேட்டன்" என்றாள். உதடு திறக்கும்வரைக்கும் கரண்டியை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.